வானொலி நிலையத்தின் வாயில்: தில்லி ஒலிபரப்பு மாளிகையில் காவலும் பிரவேச உரிமையும்

1. வினா

தில்லியில் பாராளுமன்ற வீதி வழியே நடந்து, ஆகாசவாணி பவனும் அதை ஒட்டிய பழைய ஒலிபரப்பு மாளிகையும் நிற்கும் வளாகத்தின் வாயிலை அடையும் ஒருவர், உள்ளே இருக்கும் உத்தியோகஸ்தர் எவரேனும் தம்மை எதிர்பார்க்கிறார் என்று மெய்ப்பித்தாலன்றி அப்பால் செல்ல இயலாது. வரவேற்பறைச் சாளரத்தில் தம் பெயரையும் முகவரியையும், காண வந்தவர் பெயரையும், வந்த காரியத்தையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து உள்ளே தொலைபேசி போக வேண்டும். அந்த அதிகாரி அச்சமயம் தம் இருக்கையில் இருந்து, அனுப்பலாம் என்று இசைவு தர வேண்டும். பிறகே வாயிற்சீட்டு எழுதப்படும். கைப்பையும் உடம்பும் சோதிக்கப்பட்டு, உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் வளைவின் வழியே நுழைந்தவர், திரும்பும்போது அதே சீட்டில் அதிகாரியின் கையொப்பத்தையும் வெளியேறும் நேரத்தையும் பெற்று வந்து வாயிலில் ஒப்படைத்தாலே அவருடைய வருகை முடிந்ததாகக் கணக்கு.

தலைநகரில் எந்த அரசாங்க அலுவலகத்திலும் இன்று நடைமுறையில் உள்ள ஒழுங்குதான் இது என்று கூறி இதைக் கடந்துவிடலாம். ஆயினும் வானொலி நிலையம் பிற அலுவலகங்களைப் போன்றது அன்று. கோப்புகளை எழுதிக் காப்பது அதன் தொழில் அல்ல. ஜனங்களுடைய குரலையும் கலையையும் கேள்விகளையும் உள்ளே வாங்கி வெளியே அனுப்புவதற்காகவே ஏற்பட்ட ஸ்தாபனம் அது. வருகையாளர் இல்லாமல் வருமான வரி அலுவலகம் நடக்கக்கூடும். பாடகரும் உரையாளரும் விவசாயியும் மாணவரும் வந்து போகாத வானொலி நிலையம் தன் தொழிலையே இழந்துவிடும். ஆகவே, இந்த வாயிற்காவல் எதைக் காக்கிறது, யாரிடமிருந்து காக்கிறது, அது அஞ்சுகிற ஆபத்து சரித்திரத்தில் மெய்யாகவே எந்த வழியாக வந்தது என்ற கேள்விகளை ஆராய்வது அவசியமாகிறது.

2. இதுவரை கூறப்பட்டுள்ள இருவகை விளக்கங்கள்

வானொலியின் வாயிலைப் பற்றி இரண்டு சிந்தனை மரபுகள் தனித்தனியே வளர்ந்திருக்கின்றன. ஒன்று ராஜ்யப் பாதுகாப்பு நூலோர் மரபு. எட்வர்ட் லுட்வாக் 1968இல் வெளியிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு பற்றிய கையேடு இம்மரபின் தெளிவான உதாரணம். ஆட்சியைக் கைப்பற்ற முனைவோர் தலைநகரின் வானொலி நிலையத்தைத் தம் வசமாக்கிக்கொள்வதை இன்றியமையாத காரியங்களுள் ஒன்றாக அவர் வைக்கிறார். இந்த நோக்கில் வானொலி நிலையம் மின்நிலையத்தையும் விமான நிலையத்தையும் போன்று கேந்திர முக்கியத்துவம் உடைய இடம். அதன் வாயில் ஒரு போர்முனை. வருகையாளர் ஒவ்வொருவரும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், சந்தேகத்துக்கு உரியவர்.

மற்றொன்று தொடர்பியல் அறிஞர்களின் மரபு. செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் வந்து குவியும் தந்திச் செய்திகளில் எவற்றை ஓர் ஆசிரியர் உள்ளே விடுகிறார், எவற்றைத் தள்ளுகிறார் என்பதை 1950இல் ஆராய்ந்த டேவிட் மானிங் ஒயிட், அவ்வாசிரியரை வாயிற்காப்போர் என்றே வர்ணித்தார். அன்று முதல் இத்துறையில் வாயில் என்பது உருவகமாகவே வழங்கிவருகிறது: எந்தச் செய்தி, எந்த இசை, எந்தக் கருத்து அலைவரிசையில் நுழையலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் என்பதே அதன் பொருள்.

முதல் மரபினர் இரும்பு வாயிலைப் பார்த்து அதன் பின்னே நடக்கும் தேர்வைக் கவனிக்கவில்லை. இரண்டாம் மரபினர் தேர்வை நுணுகி ஆராய்ந்து, வீதியில் காவலர் நிற்கும் மெய்யான வாயிலைக் கவனியாது விட்டனர். தில்லி நிலையத்தின் சரித்திரம் இவ்விரண்டு வாயில்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் அல்லாமல் விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

3. அலிப்பூர் சாலையிலிருந்து பாராளுமன்ற வீதிக்கு

தில்லி நிலையம் 1936 ஜனவரி 1ஆம் தேதி அலிப்பூர் சாலை 18ஆம் எண் இல்லத்தில் தொடங்கியது. லண்டன் பி.பி.சி.யிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டு வந்து ஒலிபரப்புக் கட்டுப்பாட்டாளராகப் பொறுப்பேற்றிருந்த லயனல் பீல்டனின் காலம் அது; அவ்வாண்டு ஜூனிலேயே இந்திய ஒலிபரப்பு ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரைப் பெற்றது. அந்நாளைய தில்லி வானொலி இலக்கியவாதிகளின் சங்கமமாக விளங்கியதற்கு ஆதாரங்கள் நிறைய உண்டு. சாதத் ஹசன் மண்ட்டோ 1941, 1942 ஆண்டுகளில் அங்கே நாடகாசிரியராக ஊதியம் பெற்று, நூற்றுக்கும் மேற்பட்ட வானொலி நாடகங்களை எழுதிக் குவித்தார். கிருஷண் சந்தர், உபேந்திரநாத் அஷ்க், கவிஞர் நூன் மீம் ராஷித் ஆகியோரும் அதே நிலையத்தில் பணியாற்றியவர்கள். யுத்தகால அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த ஸ்தாபனம்தான் அது. ஆயினும் அதன் படைப்பு வளம் முழுவதும் நகரத்து எழுத்தாளர்களும் சங்கீத வித்வான்களும் அங்கே புழங்கியதிலிருந்தே பிறந்தது.

1943இல் நிலையம் பாராளுமன்ற வீதியில் இதற்கெனவே கட்டப்பட்ட ஒலிபரப்பு மாளிகைக்கு இடம் பெயர்ந்தது. யுத்தத்தின் நடுவே குடிபுகுந்த கட்டடம் அது என்பதை நாம் மறக்கலாகாது. வானொலி நிலையம் எதிரியின் குறிக்கு உரியது என்ற எண்ணம் உலகம் முழுவதும் வேரூன்றிய காலம் அது. 1940 அக்டோபர் 15 இரவு லண்டன் ஒலிபரப்பு மாளிகையின் மேல் விழுந்த குண்டு வெடித்து ஊழியர் எழுவர் மாண்டனர். இரவு ஒன்பது மணிச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்த புரூஸ் பெல்பிரேஜ், வெடியோசை செவியில் விழுந்தும், வாசிப்பை நிறுத்தவில்லை. அதே ஆண்டுதான் பி.பி.சி. தன் செய்தி வாசிப்பாளர்கள் தம் பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. படையெடுத்து வரும் பகைவன் நிலையத்தைப் பிடித்துப் பொய்ச் செய்தி வாசித்தால், பழகிய குரல் அது அன்று என்று நேயர்கள் உடனே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். காலை 7.15 மணிக்குத் தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்திகளை வாசிப்பவர் சரோஜ் நாராயணசுவாமி என்று கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு, செய்தியோடு பெயர் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் வானொலியின் பாதுகாப்புக் கருவியாக விளங்கியது என்பது புதிய தகவலாக இருக்கக்கூடும். மதிலையும் துப்பாக்கியையும் நம்பாமல், நேயருக்கும் குரலுக்கும் இடையே உள்ள பரிச்சயத்தை நம்பிய காவல் அது.

புதிய மாளிகையின் வாயில் வழியே வந்தவர்களுள் மிகப் பெரியவர் 1947 நவம்பர் 12 அன்று வந்தார். தேசப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து குருக்ஷேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளிடம் நேரில் செல்ல இயலாத நிலையில், மகாத்மா காந்தி அவர்களோடு வானொலி வழியே பேசினார். வானொலி நிலையத்துக்கு அவர் வந்தது அந்த ஒரு முறைதான். அவர் தம் பிரார்த்தனைக் கூட்டங்களில் அமர்ந்து பேசுவது போன்ற தாழ்ந்த மரப்பலகை ஒன்று ஸ்டுடியோவில் போடப்பட்டது. எழுதி வைத்துப் படிக்கும் உரையாளருக்கென அமைந்திருந்த மேஜையும் நாற்காலியும் அன்று விலகி நின்றன. வருகிறவரின் வழக்கத்துக்கு நிலையம் தன்னை மாற்றிக்கொண்டது என்பதே அந்நிகழ்ச்சியில் நான் முக்கியமாகக் கருதுவது. அந்த நாளே இப்போது பொதுச்சேவை ஒலிபரப்புத் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஆராய்ச்சி ஒருதலைப்பட்சமாகிவிடும். ஏறக்குறைய அதே காலத்தில், சர்தார் படேல் தகவல் ஒலிபரப்புத் துறையின் பொறுப்பில் இருந்தபோது, தனி வாழ்க்கை பொது அபவாதத்துக்கு இடமானது என்ற காரணத்தைக் காட்டி, பரம்பரையாகப் பாடிவந்த கணிகையர் குலத்துப் பாடகியர் விலக்கப்பட்டார்கள். வட இந்திய இசையின் பெரும்பகுதியைத் தலைமுறை தலைமுறையாகத் தம் தொண்டையில் வைத்துக் காத்து வந்தவர்கள் அவர்கள். அவர்களை நிறுத்தியது ஆயுதக் காவலர் அல்லர். ஒழுக்கம் என்ற பெயரில் எழுதப்பட்ட ஓர் உத்தரவே அவர்களுக்கு எதிராக வாயிலைச் சாத்தியது. அதனால் இசைக்கும் அந்தப் பெண்மணிகளுக்கும் நேர்ந்த அநீதி இன்றளவும் முழுமையாகக் கணக்கெடுக்கப்படவில்லை.

4. ஆயுதம் தாங்கி வருபவரைப் பற்றிய அச்சம்

வாயிற்காவலுக்கு ஆதாரமாகக் கூறப்படும் முதல் ஆபத்து, நிலையத்தைக் கைப்பற்ற வரும் ஆயுதக் கூட்டம். இது கற்பனையான ஆபத்து அன்று. 1975 ஆகஸ்ட் 15 விடியலில் டாக்கா வானொலியிலிருந்து ஒரு ராணுவ மேஜரின் குரல், வங்கதேச அதிபர் ஷேக் முஜிபுர் ரகுமான் கொல்லப்பட்டார் என்று அறிவித்ததை இந்திய நேயர்களும் கேட்டார்கள். 1999 அக்டோபர் 12 அன்று இஸ்லாமாபாதில் பாகிஸ்தான் தொலைக்காட்சி நிலையத்தின் வாயிற்கம்பிகளின் மேல் சிப்பாய்கள் ஏறிக் குதித்த காட்சியை உலகமே கண்டது. இந்த உதாரணங்களை அப்படியே ஏற்று, ஆகவே வாயிலைப் பலப்படுத்த வேண்டும் என்று முடிவு கட்டுவது எளிது; சற்று நிதானித்துப் பார்த்தால் அந்த முடிவு பொருந்தவில்லை என்பது புலப்படும். டாக்காவிலும் இஸ்லாமாபாதிலும் வந்தவர்கள் நாட்டின் சொந்த ராணுவத்தார். சீட்டு எழுதும் சாளரமும் உலோகம் காட்டும் வளைவும் ராணுவத்தின் முன் என்ன செய்யக்கூடும்?

நிலையம் உண்மையில் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை 1968 ஜனவரி 31 அன்று சைகோனில் நடந்த சம்பவம் காட்டுகிறது. வியட்காங் படையினர் அந்நகரத்து வானொலி நிலையத்தைத் திட்டமிட்டுப் பிடித்தார்கள். தாம் ஒலிபரப்ப வேண்டிய பதிவு நாடாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் ஒலியைப் பரப்பும் கோபுரமும் டிரான்ஸ்மிட்டரும் நகருக்கு வெளியே வேறிடத்தில் இருந்தன; முன்பே ஏற்பாடு செய்திருந்தபடி இரண்டுக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்டது. பிடிபட்ட ஸ்டுடியோவிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

இந்தப் பிரிவினை தில்லிக்கும் பொருந்தும். பாராளுமன்ற வீதியில் இருப்பவை ஸ்டுடியோக்களும் செய்தி அறைகளும் கட்டுப்பாட்டு அறையும் அலுவலகங்களுமே. ஒலியைப் பரப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் கிங்ஸ்வே, காம்பூர், நங்லி போன்ற தொலைவிடங்களில் உள்ளன. வானொலியின் உயிர்நிலை ஒரே வாயிலுக்குப் பின்னால் இல்லை. பல இடங்களில் சிதறி, கம்பியாலும் அலையாலும் பிணைக்கப்பட்டுள்ளது. 1977 நவம்பர் 26 அன்று இங்கிலாந்தில் ஹானிங்டன் என்ற ஊரின் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு வரும் சமிக்ஞையை யாரோ மறித்து, தொலைக்காட்சிச் செய்தியின் ஒலியை அகற்றிவிட்டுத் தம் குரலைச் சில நிமிஷங்கள் கேட்கச் செய்தனர். எந்த நிலையத்தின் வாசற்படியையும் அவர்கள் மிதிக்கவில்லை. கணினி வலைப்பின்னல்களால் ஸ்டுடியோக்கள் இணைக்கப்பட்டுவிட்ட இக்காலத்தில் இவ்வகை ஆபத்து பெருகியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. வீதி வாயிலில் மூதாட்டி ஒருவரின் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது.

நிலையத்தின் மெய்யான காவல் அதன் ஊழியர்களின் மனத்தில் இருக்கிறது என்பதற்கு வங்கதேசமே இரண்டு சான்றுகள் தருகிறது. 1971 மார்ச் 7 அன்று முஜிபுர் ரகுமானின் பேச்சை நேரடியாக ஒலிபரப்பக் கூடாது என்று மேலிடம் தடுத்தபோது, டாக்கா வானொலி ஊழியர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். மறுநாள் காலை அப்பேச்சை ஒலிபரப்ப நிர்வாகம் இணங்கியது. அம்மாத இறுதியில் சிட்டகாங்கின் காலூர்காட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து சுதந்திரப் பிரகடனம் வெளிவந்ததும் வானொலி ஊழியர்களின் முன்முயற்சியால்தான். எந்தப் பரிசோதனையாலும் அவர்களைத் தடுத்திருக்க முடியாது; அவர்கள் அனைவரும் முறையான அடையாள அட்டை உடையவர்கள்.

5. 1975: தொலைபேசி வழியே நுழைந்தது

இந்திய வானொலி தன் சுதந்திரத்தை முழுமையாக இழந்த சந்தர்ப்பம் ஒன்றே; அது நெருக்கடிநிலை. 1975 ஜூன் 25 நள்ளிரவை ஒட்டிப் பிரகடனம் கையெழுத்தாகி, பகதூர் ஷா ஜபர் சாலையிலுள்ள பத்திரிகை அச்சகங்களின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் காலை பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசினார். பத்திரிகைகளை அடக்க மின்சாரத்தை வெட்ட வேண்டியிருந்தது. வானொலியை அடக்க எதையும் வெட்டத் தேவைப்படவில்லை என்ற வேறுபாட்டை ஆழ்ந்து எண்ண வேண்டும். செய்தி அறிக்கைகளை முன்கூட்டியே பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கைக்கு இணங்காத தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் சில தினங்களுக்குள் மாற்றப்பட்டு, வி. சி. சுக்லா அவருடைய இடத்துக்கு வந்தார். அதற்கடுத்த ஏறக்குறைய இருபத்தொரு மாதங்கள் ஆகாசவாணி அரசாங்கத்தின் குரலாகவும் ஆளுங்கட்சியின் குரலாகவும் இயங்கிய விதத்தை நெருக்கடிநிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கைகள் விரிவாகப் பதிவு செய்துள்ளன. ஆளுங்கட்சி வேண்டிய நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்க மறுத்த பின்னணிப் பாடகர் கிஷோர் குமாரின் பாடல்கள் 1976 மே மாதம் முதல் வானொலியில் நிறுத்தப்பட்டதும் அவ்வறிக்கைகளில் உண்டு.

அந்த மாதங்களில் பாராளுமன்ற வீதி வாயிலில் அத்துமீறி நுழைந்தவர் எவரும் இருந்ததாக நான் அறியேன். உத்தரவுகள் தொலைபேசியிலும் கோப்பிலும் வந்தன, உள்ளே இருந்தவர்கள் கீழ்ப்படிந்தார்கள். பி. ஜி. வர்கீஸ் தலைமையில் அமைந்த குழு 1978இல் ஆகாச பாரதி என்ற தன்னாட்சி அறக்கட்டளை வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கும், அதன் பலன் தளர்ந்த வடிவத்தில் 1990இல் பிரசார் பாரதி சட்டமாகி 1997இல்தான் நடைமுறைக்கு வந்ததற்கும் இந்த அனுபவமே மூலம். அமைச்சகத்துக்கும் செய்தி அறைக்கும் இடையே உள்ள வாயில்தான் காவல் வேண்டிய வாயில் என்பதை வர்கீஸ் குழு கண்டுகொண்டது. அந்த வாயிலில் இன்றும் யாரும் சீட்டு எழுதுவதில்லை.

6. மதிலுக்கு வெளியே மாண்டவர்கள்

வாயிற்காவலின் இன்றைய கடுமை பெரும்பாலும் 1980களின் வன்முறையிலிருந்து பிறந்தது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் தம் சொந்தக் காவலராலேயே கொல்லப்பட்டார். 1985 மே 10 அன்று தில்லியிலும் அண்டை மாநிலங்களிலும் பஸ்களிலும் பொது இடங்களிலும் விட்டுச் செல்லப்பட்ட டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகள் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். கிடக்கும் பெட்டியைத் தற்செயலாக எடுத்துத் திருகியவர்கள் மாண்டனர். வானொலிப் பெட்டியே கொலைக் கருவியாக மாறிய அந்நாளின் பீதியைத் தில்லியில் வாழ்ந்தவர்கள் மறக்கவில்லை. பின்பு 2001 டிசம்பர் 13 அன்று, இந்த நிலையத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் உள்ள பாராளுமன்றமே தாக்கப்பட்டது. சுற்றுப்புறம் முழுவதும் இரும்புத் தடுப்புகளாலும் தடையுத்தரவுகளாலும் சூழப்பட்ட ஓரிடத்தில் வானொலி நிலையம் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்று அதிகாரிகள் கூறுவதில் பொருள் உண்டு. விடியற்காலைச் செய்திக்காக இருட்டில் வந்து இறங்கும் பெண் வாசிப்பாளர்களும் இரவுப் பணிப் பொறியாளர்களும் பாதுகாப்பைக் கோரும் உரிமை உடையவர்கள். அவ்வுரிமையை இலேசாக எண்ணுபவருக்கு இவ்விஷயத்தில் பேசத் தகுதியில்லை.

ஆனால் ஒலிபரப்பாளர்கள் எங்கே கொல்லப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்ரீநகர் தொலைக்காட்சி நிலைய இயக்குநர் லஸ்ஸா கௌல் 1990 பிப்ரவரி 13 அன்று தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். பஞ்சாபில் தீவிரவாதிகள் ஒலிபரப்புக்கு விதித்த கட்டளைகளுக்கு இணங்காததற்காகச் சண்டிகர் வானொலி நிலைய இயக்குநர் ஆர். கே. தாலிப் அதே ஆண்டு டிசம்பரில் கொல்லப்பட்டார். பாட்டியாலா வானொலியின் எம். எல். மஞ்சந்தா 1992 மே மாதத்தில் கடத்திச் செல்லப்பட்டுக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். இலங்கையில், சிங்கள ஒலிபரப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி த அல்விஸ் 1989 ஜூலை 31 அன்று வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். இந்த மரணங்களைத் தொகுத்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலனாகும்: கொலையாளிகளுக்குக் கட்டடம் தேவைப்படவில்லை. பணி முடிந்து வாயிலைத் தாண்டி வெளியே வந்தவுடன் அந்த அதிகாரிகள் காப்பாற்ற ஆளில்லாத சாமானிய மனிதர்களாக நின்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தவை பத்திரமான குடியிருப்பு, வழித்துணை, மிரட்டல் வந்த அன்றே இடமாற்றம், குடும்பத்துக்கு ஆதரவு ஆகியவை. கட்டடத்துக்குச் செய்த காவலை மனிதருக்குச் செய்த காவலாக எண்ணித் திருப்தியடைந்த நிர்வாக மனப்பான்மைக்கு அவர்கள் தந்த விலை மிகப் பெரிது.

7. சட்டம் சொல்வதும் வாயில் செய்வதும்

1923ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம், அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பியில்லாத் தொடர்பு நிலையங்களையும் பிரவேசம் தடைசெய்யப்பட்ட இடங்களின் இலக்கணத்துக்குள் சேர்க்கிறது. இந்தியாவில் ஒழுங்கான ஒலிபரப்பு தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்ட வாசகம் அது. ராணுவத் தந்தி நிலையங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கொள்ள இடமிருக்கிறது. ஆயினும் அச்சட்டமும், ராஜ்யத்தின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கத்தோடு அத்தகைய இடத்தை அணுகுவதையே குற்றமாக்குகிறது. அந்நிய ஆட்சியாளர் இயற்றிய சட்டமே நோக்கத்தை வினவுகையில், சுதந்திர நாட்டின் வாயிற்சாளரம் வந்த காரியத்தைக் கேட்டாலும் ஆளைப் பார்த்தே முடிவு செய்கிறது. உள்ளே பரிச்சயமான அதிகாரி உள்ளவர் எந்த நோக்கத்தோடும் போகலாம். பரிச்சயம் இல்லாதவர் எத்தனை நல்ல நோக்கத்தோடு வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

இந்த ஒழுங்கின் பாரம் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்ட வித்வான் கையில் காண்ட்ராக்ட் கடிதம் இருக்கிறது. அது அவருக்கு வழி திறக்கும். டியூட்டி அறையில் அவர் வருகையை எதிர்பார்த்து ஓர் அதிகாரி இருப்பார். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் பத்திரிகையாளருக்கும் தெரிந்தவர் ஒருவர் உள்ளே இருப்பார். யாரையும் அறியாமல், தம் ஊர்ப் பாட்டைப் பதிவு செய்வார்களா என்று கேட்க வந்த கிராமத்துக் கலைஞரிடமும், காலஞ்சென்ற தந்தையின் குரல் உள்ள பழைய பதிவைத் தேடி வந்த மகளிடமும், காண வந்த அதிகாரி என்ற கட்டத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. அந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதே அவர்களைத் திருப்பி அனுப்பப் போதுமானது.

1995 பிப்ரவரி 9 அன்று வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகளைப் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது ஸ்தாபனங்களின் ஆவணங்களையும் பணிகளையும் நேரில் பார்வையிடும் உரிமையைப் பிரஜைகளுக்கு அளித்தது. ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதியும் அதற்குக் கட்டுப்பட்டதே. ஆக, வாயிலில் நிற்பவர் தயவை நாடி வந்தவர் அல்லர், பங்கு கேட்க வந்தவர் என்பது சட்டத்தால் நிறுவப்பட்டுவிட்டது. வாயிலின் பழக்கங்கள் மட்டும் இன்னும் அத்தீர்ப்பை எட்டவில்லை.

8. கண்டிப்பின் எல்லைக்கோடு

காவலே கூடாது என்பது என் வாதம் அன்று. கண்டிப்பு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதே கேள்வி. வானொலி நிலையத்துக்குள் யாவரும் மறுபேச்சின்றி மதிக்கும் கதவு ஒன்று உண்டு. அது ஸ்டுடியோவின் கதவு. வெளிக்கதவைத் திறந்து நுழைந்தால் சிறிய இடைவெளி. அக்கதவு மூடிய பிறகே உட்கதவைத் திறக்க வேண்டும். வெளியோசை உள்ளே புகாமல் இருக்கச் செய்த அமைப்பு அது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் இயக்குநர் நாயகமும் வெளியே நிற்பார். அக்கதவின் கண்டிப்பை எவரும் அவமதிப்பாக எண்ணுவதில்லை. அதன் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையும் செய்தி அறையும் கணினிச் சாதன அறையும் டிரான்ஸ்மிட்டர் வளாகங்களும் இதே விதமான, இதைவிடக் கடுமையான காவலுக்கு உரியவை. அங்கே அமைச்சரின் உதவியாளரும் சீட்டின்றி நுழைய முடியாதபடி விதி இருக்க வேண்டும். அந்த அளவுக்கு உள்ளே கண்டிப்பு ஏற்பட்டுவிட்டால், வீதி வாயிலில் உடற்சோதனையோடு நிறுத்திக்கொண்டு, பெயர் கேளாமல் ஜனங்களை முன்கூடம் வரையில் அனுமதிப்பதில் அபாயம் இல்லை.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பார்க்கு விடையாக, இந்நாட்டிலேயே வேறுவிதமாக இயங்கும் நிலையங்கள் உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகத் தொடங்கியது. தெலங்கானாப் பகுதியில் மச்னூர் கிராமத்து சங்கம் ரேடியோவை 2008 முதல் தலித் பெண்களே நடத்திவருகிறார்கள். தில்லியை அடுத்த குர்காவ் கி ஆவாஸ் 2009இல் வந்தது; அந்நகரின் வேலையாட்களும் கிராமத்தவர்களும் அதில் பேசவும் பாடவும் செய்கிறார்கள். சமுதாய வானொலிக்கான அரசாங்கக் கொள்கையே நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் ஜனங்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று விதிக்கிறது. சிறு நிலையங்களின் அளவு வேறு, தலைநகரத்து நிலையத்தின் அளவு வேறு என்பது மெய்தான். ஆனால் வருகையாளரைச் சட்டபூர்வமான பங்காளியாக ஏற்பது அளவைப் பொறுத்த விஷயம் அன்று. 1969இல் தில்லி நிலையமே யுவவாணி என்ற இளைஞர் ஒலிபரப்பைத் தொடங்கி, மாணவர்களை உள்ளே அழைத்துத் தாமே நிகழ்ச்சி நடத்தச் செய்தது என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. காந்தியடிகளின் பிரார்த்தனை உரைகள், தேசத் தலைவர்களின் பேச்சுகள், மறைந்த சங்கீத வித்வான்களின் கச்சேரிகள் ஆகியவற்றின் ஒலிப்பதிவுகள் ஆகாசவாணியின் தில்லிக் களஞ்சியத்தில் உள்ளன. 2003 முதல் அவற்றுள் சில வெளியிடப்பட்டுள்ளன என்றாலும், பெரும்பகுதி வாயிலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வீதியை ஒட்டிய ஓர் அறையில், சோதனை வளைவுக்கு இப்புறமாகவே, பட்டியல் ஒன்றும் செவிக்கருவிகள் சிலவும் வைத்து, உள்ளே எவரையும் அறியாதவரும் வந்து அமர்ந்து கேட்கும்படி செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம்; காவலர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை; களஞ்சியத்திலிருந்து ஒரு கம்பியை அந்த அறை வரையில் நீட்டினால் போதும். அவ்வறையில் பணியாற்றுபவர், பதிவைத் தேடி வரும் மகளின் கோரிக்கையையும் கிராமத்துக் கலைஞரின் விண்ணப்பத்தையும் எழுத்தில் வாங்கி, உரிய பிரிவுக்கு அனுப்பி, இத்தனை நாளுக்குள் பதில் வரும் என்று தேதியிட்ட ரசீது தர வேண்டும்.